பாடி எப்ப வரும்?

எங்கள் வீட்டில் சோறு, தண்ணீர் என்ற சொற்களுக்கு அடுத்தபடியாக அதிகம் புழங்கியது 'பாடி' என்ற சொல்தான். என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். நான் தையல்காரி. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கடை. கொஞ்சம் வயதான பெண்கள் உள்ளே வந்து, வாசலில் ஆம்பளை யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ரெண்டு பாடி தைத்துத் தரச் சொல்வார்கள். கடையில் விற்கிறது இறுக்குகிறது, அரிக்கிறது என்பார்கள். இந்தக் காலத்துப் பெண்கள் அந்த உள்ளாடைக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். பாடி என்றாலே அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"நீயும் பாடி, நானும் பாடி. உன்னுதுல கொக்கி, என்னுதுல போல்ட்டு. அவ்ளோதான் வித்தியாசம்" என்பார் அவர். அதையும் ஆள் இருக்கும்போதுதான் சொல்வார். அளவு கொடுக்க வந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். எனக்கு மானம் போகும். கத்திரிக்கோலைத் தூக்கிக் காட்டுவேன். என் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும், அவர் மட்டும் பயப்பட்டதில்லை.

நான் பிறந்தது சிதம்பரம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே பாடி என்றால் ஒரே அர்த்தம்தான். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வருவது. யார் வீட்டிலாவது சீரியஸாக யாரையாவது கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால், ரெண்டு நாள் கழித்து, "பாடி எப்ப வருதாம்?" என்று பால்காரர்கூடக் கேட்பார். அந்தக் காதோடுதான் கல்யாணமாகிக் கடலூருக்கு வந்தேன். வந்த புதிதில் ஒரு நாள் அவர் குளித்துக்கொண்டிருந்தார், அவர் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு ஆள் எடுத்த எடுப்பில், பாடி ரெடியா, இன்றைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் ஈரத் தலையோடு வந்து விஷயத்தைக் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மாதம் முழுக்கப் பட்டறையில் இதுதான் பேச்சு.

லாரி கம்பெனியிலிருந்து கிளம்பும்போது லாரியாக வராது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். முன்னால் எஞ்சின், நீளமாக ரெண்டு இரும்புச் சட்டம், கீழே சக்கரம், அவ்வளவுதான். கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. ஓட்டி வருகிறவர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பலகையில் உட்கார்ந்து, வெயிலோ மழையோ, அப்படியே நூற்றுக்கணக்கான மைல் வருவார். அதற்குப் பெயர் சேஸிஸ். அதன் மேல் டிரைவர் உட்காரும் கேபினையும், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியையும் எழுப்புவதுதான் பாடி கட்டுவது. பண்ருட்டி ரோட்டில் இருந்த தன் பட்டறையில் அவர் அதைத்தான் செய்தார்.

சேஸிஸைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும். அம்மணமாக வந்து நிற்கிறது பார் என்பார். தூறல் போட்டால் தன் வண்டியைக்கூட மழையில் விட்டுவிட்டு, முதலில் அதன் மேல் தார்ப்பாய் போடுவார். வருகிறவர்களிடமெல்லாம் ஒரு பாடம் வேறு நடத்துவார். "எஞ்சின் இன்னா, உயிரு மாதிரி. அத கம்பெனிக்காரன் குடுத்துடுறான். வெறும் உயிர வெச்சுகிட்டு நாலு மூட்ட ஏத்த முடியுமா? பாடி வேணும்யா." இதைச் சொல்லும்போது அவர் மார்பு கொஞ்சம் நிமிரும். எனக்கு இது மனப்பாடம். அவர் ஆரம்பித்ததும் நான் முடித்து வைப்பேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாடி கட்டி முடித்த எந்த வண்டியையும், அதன் சொந்தக்காரர் கையில் ஒப்படைப்பதற்கு முன்னால் எங்கள் தெருவுக்குக் கொண்டு வருவார். பட்டறையை விட்டுக் கிளம்பும்போது எனக்குப் போன் வரும். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைதான்: "பாடி வந்துகிட்டு இருக்கு, வாசல் தெளிச்சு வையி." நான் தையலைப் போட்டுவிட்டு வாசல் தெளித்து, நாலு இழை கோலம் போட்டு, சூடமும் எலுமிச்சம் பழமும் எடுத்து வைப்பேன். வண்டி தெருவை அடைத்துக்கொண்டு வந்து நிற்கும். சூடம் சுற்றி, சக்கரத்தடியில் பழம் வைப்பேன். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி போகும். அந்தப் பக்கம் பைக்கில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் திட்டுவார்கள். நானும் திரும்பத் திட்டுவேன்.

பக்கத்து வீட்டுக்கு அக்கா ஒருத்தி புதிதாகக் குடிவந்திருந்த சமயம். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தாள். என் ரெண்டு கையிலும் துணி. போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டேன். பாடி கிளம்பிவிட்டது, வாசல் தெளித்து வை என்று அவர் சொல்லி வைத்துவிட்டார். அக்கா சட்டென்று எழுந்து போனாள். நான் வாளியில் தண்ணீரோடு வெளியே வருகிறேன், அக்கா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுகிறாள். பாவி மகளே, யாரும்மா போனது, நீ எப்படிம்மா கல்லு மாதிரி நிக்கிற என்று ஒப்பாரி. அவள் வீட்டுக்காரர் நாலு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டார். எதிர் வீட்டிலிருந்து ஒருத்தர் சாமியானாவுக்குச் சொல்லட்டுமா என்று கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையில் ஹாரன் சத்தம். மாலை போட்டுக்கொண்டு புது லாரி திரும்புகிறது, உள்ளே இவர் முப்பத்திரண்டு பல்லும் தெரிய உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா ஒரு வாரம் வெளியே தலை காட்டவில்லை. அப்புறம் பழகி, எங்களுக்கு உடன்பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். ஆனால் இவர் விடுவாரா? அதற்குப் பிறகு எந்த வண்டி தெருவுக்கு வந்தாலும் கேபினிலிருந்து தலையை நீட்டி, "யக்கா, பாடி வந்துடுச்சு, அழுவலியா?" என்பார். அக்கா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். புது வண்டிக்குச் சூடம் எவ்வளவு முக்கியமோ, அந்தக் கேள்வியும் அவ்வளவு முக்கியம் என்று ஆகிவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள். அவள் ஆங்கிலப் பாடம் படிக்கும்போது அவர் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்காருவார், ஏதோ தனக்கும் பரீட்சை இருப்பது போல. ஒரு நாள் அவள் சம்படி, எனிபடி, எவ்ரிபடி, நோபடி என்று உருப்போட்டுக்கொண்டிருந்தாள். இது எல்லாவற்றிலும் நம் பாடிதான் இருக்கிறது, ஸ்பெல்லிங் அதேதான் என்று காட்டினாள். அவருக்குக் கை கொள்ளாத சந்தோஷம். வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது பார், பாடி இருந்தால்தான் ஆள் என்றார். அப்போ நோபடி என்றால் என்ன என்று கேட்டார். யாரும் இல்லை என்று அர்த்தம் என்றாள் மகள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, பாடி கட்டாத சேஸிஸ்" என்றார். பக்கத்து ஊரான குறிஞ்சிப்பாடி என்றால் குறிஞ்சி என்கிற ஆள் கட்டின பாடி என்று வேறு விளக்கம். தமிழில் பாட்டுப் பாடி என்றும் ஓர் அர்த்தம் உண்டே, அதுவும் எங்கள் வீட்டில் நடக்கும். அவர் பாடிக்கொண்டே குளித்தால் தெரு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போகும்.

தையல்காரிக்கும் பாடி கட்டுகிறவருக்கும் பொய் ஒன்றுதான். நான் கொக்கி மட்டும்தான் பாக்கி என்பேன், துணியை வெட்டியே இருக்க மாட்டேன். அவர் வந்துகிட்டே இருக்கு என்பார், வண்டி பட்டறையில் கதவில்லாமல் நிற்கும். இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர் ஒருத்தர் உண்டு, பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றுகிற லாரிக்காரர். உறவு ஒன்றும் இல்லை, பழக்கத்தில் இவரை மச்சான் என்பார், அதனால் நான் அவருக்குத் தங்கச்சி. பலா சீசன் முடிவதற்குள் வண்டி வேண்டும் என்று தினமும் போன் செய்வார். இவரும் தினமும் வந்துகிட்டே இருக்கு மச்சான் என்பார்.

அந்தக் கோடையில் அவர் அடிக்கடி நெஞ்சைத் தடவிக்கொண்டார். கேட்டால், பாடி ஹீட்டு, மோர் குடு என்பார். வேலையை விட்டு வந்தால் முதுகு வலி, அது பாடி பெயின். சாப்பாடு இறங்கவில்லை, அதுவும் பாடி ஹீட்டு. ஊரே அப்படித்தானே சொல்கிறது. மோரும் இளநீரும் கொடுத்தேன். அவரும் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுப் பட்டறைக்குப் போனார்.

அப்போது லால்பேட்டையில் அரிசி வியாபாரம் செய்கிற பாய் ஒருவருக்கு ஒரு வண்டி முடிந்தது. காலையில் வழக்கம் போல வாசலுக்குக் கொண்டு வந்தார். பச்சை பெயிண்ட், பக்கவாட்டில் மஞ்சள் பூ. சூடம் சுற்றினேன். அக்காவிடம் அழுவலியா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் பாய் போன் செய்தார். சாப்பாடு போட்டு, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடலாம் என்று அதே புது வண்டியில் பாயே இவரை அழைத்து வந்திருக்கிறார். வழியில் நெஞ்சு வலி வந்திருக்கிறது. வண்டியை நிறுத்தாமல் நேராக ஆஸ்பத்திரிக்குள் விட்டுவிட்டார். மகளை அக்காவிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். சிதம்பரம் போய்ச் சேர்கிற வரைக்கும் தில்லை நடராஜா, தில்லை நடராஜா என்று சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள்.

ஐ.சி.யூ.வுக்குள் கொஞ்ச நேரம் விட்டார்கள். வயர்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு என்னைப் பார்த்ததும் முழித்தார், திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி. பாய் வண்டி சத்தமே இல்லாமல் ஓடுகிறது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்ப இதுவா முக்கியம், வாய மூடிகிட்டு படு மாமா என்றேன். கொஞ்ச நேரம் மூடியிருந்தார். அப்புறம் என் விரலைப் பிடித்தார்.

"பண்ருட்டிக்காரன் போன் பண்ணுவான். பின்கதவு இன்னும் மாட்டல. உண்மையச் சொல்லிப்புடாத, கத்துவான். வந்துகிட்டே இருக்குன்னு சொல்லு."

சரி என்றேன். "பயப்படாதடி, பாடி ஹீட்டுதான்" என்றார். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினாள். அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயது, கண் சிவந்திருந்தது. எங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம்மா, பாடி ரெஸ்பாண்ட் பண்ணவில்லை என்றார். எனக்குப் புரியவில்லை. ராத்திரியே வந்து சேர்ந்திருந்த என் கொழுந்தன், அவருடைய தம்பி, சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒருவர் வராண்டாவில் வந்து, "பாடிக்கு யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பாவம், யார் வீட்டு ஆளோ என்றுகூட நினைத்தேன். அவர் திரும்பக் கேட்டார். கொழுந்தன் என் தோளைத் தொட்டான்.

அதற்குப் பிறகு போன் நிற்கவில்லை. சொந்தக்காரர், பட்டறைக்காரர், தெருக்காரர். எல்லோருக்கும் ஒரே கேள்வி. பாடி எப்ப வருது? பாடிய குடுத்துட்டாங்களா? பாடிக்குப் பெட்டி சொல்லியாச்சா? ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக் சுருக்கென்று ஏறியது. என் அண்ணன் முறை ஒருவர் கேட்டபோது பொறுக்க முடியவில்லை. கத்தினேன். "பாடியாம் பாடி. நேத்து வரைக்கும் மாப்ள, மாப்ளன்னு எங்க வீட்டுச் சோத்த தின்னீங்களே. இன்னிக்கு அவுரு பாடியா? பேரு இல்ல? மொற இல்ல?" வராண்டாவே திரும்பிப் பார்த்தது. போனைக் கொழுந்தன் மடியில் எறிந்தேன்.

அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். "வேற இன்னா அண்ணி சொல்றது? பொணம்னா சொல்றது?"

உட்கார்ந்து யோசித்தேன். பிணம் என்பது திட்டுகிற வார்த்தை, நானே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். சவமும் அப்படித்தான். பிரேதம் என்று போலீஸ்காரர்தான் சொல்வார். பூதவுடல் என்று போட வேண்டுமென்றால் தலைவராக இருக்க வேண்டும். தமிழில் இவ்வளவு வார்த்தை இருந்தும் என் வீட்டுக்காரர் மேல் வைக்க ஒன்றுகூட இல்லை. வாய் கூசித்தான் ஜனங்கள் இங்கிலீஷ்காரனிடம் ஒரு வார்த்தையைக் கடன் வாங்கி வைத்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க எங்களோடேயே இருந்த பாய், கொஞ்சம் தள்ளி நின்று தன் வீட்டுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மையத்து என்றார். அவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது, அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. அவர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமா என்று கொழுந்தன் கேட்டான். நான் வெளியே பார்த்தேன். மரத்தடியில் அந்தப் பச்சை லாரி நின்றுகொண்டிருந்தது. நேற்று நான் சுற்றின சூடத்தின் கரி இன்னும் அதன் முன்பக்கத்தில் ஒட்டியிருந்தது. அவர் அதில் வரட்டும் என்றேன். கொழுந்தன் பதறினான். புது வண்டி, ஒரு அரிசி மூட்டைகூட இன்னும் ஏறவில்லை, முதல் லோடு இதுவா, பாய்க்குச் சங்கடமாக இருக்காதா என்றான். நானும் வியாபாரக்காரிதான், எனக்குத் தெரியாதா? கேட்டது தப்போ என்று வாயை மூடிக்கொண்டேன். பாய் அதைக் கேட்டுவிட்டார்.

"அவுரு கட்டின வண்டிம்மா. அவுரு ஏறாம வேற யாரு முதல்ல ஏறுறது?" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

கண்ணாடிப் பெட்டியைத் தொட்டியில் ஏற்றினார்கள். நானும் கொழுந்தனும் அதன் ரெண்டு பக்கமும் உட்கார்ந்தோம். புதுப் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. அவர் முறுக்கின போல்ட்டுகள் வரிசையாக என் முதுகில் இடித்தன. வண்டி சிதம்பரத்தைத் தாண்டியது. அவர் சொன்னது சரிதான், சத்தமே இல்லை. பள்ளம் வந்தாலும் எதுவும் ஆடவில்லை. உயிர் போனால் பாடி என்கிறார்கள் ஆஸ்பத்திரியில். பாடி கட்டினால்தான் உயிருக்கே பிரயோஜனம் என்பார் இவர். ரெண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

புதுச்சத்திரம் பக்கத்தில் வரும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்து, என் மடியில் இருந்த அவருடைய போன் அடித்தது. எடுத்தேன். எடுத்த எடுப்பில் ஒரு குரல், "பாடி எப்ப வரும்? இன்னிக்காச்சும் வருமா?" என்றது.

வாயைத் திறந்துவிட்டேன், கிழித்துத் தொங்கவிட. அதற்குள் தெரிந்துவிட்டது, அது பண்ருட்டிக்காரர். அவருக்கு யாரும் சொல்லவில்லை. காலையிலிருந்து எத்தனையோ பேர் கேட்ட அதே கேள்வி, ஆனால் இவர் கேட்கிற பாடி கேபின், தொட்டி, பின்கதவு. இவர் கேட்கிற கேள்வியில் என் வீட்டுக்காரர் பட்டறையில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த உலகத்தில் அந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான் அவர் இன்னும் சாகவில்லை.

"வந்துகிட்டே இருக்குண்ணே" என்றேன்.

"யாரு, தங்கச்சியா? நீயும் கத்துகிட்டியா அந்தப் பொய்ய? மச்சான் எங்க, பக்கத்துல இருக்காரா?"

"இருக்காருண்ணே. தூங்குறாரு."

"நல்லா தூங்குவாரு, ஏன் தூங்க மாட்டாரு, என் வண்டிய அந்தரத்துல விட்டுட்டு" என்று அவர் சிரித்தார். எனக்குப் போனை வைக்க மனசில்லை. இந்த வருஷம் பலா எப்படிண்ணே என்று கேட்டேன். மழை இல்லாமல் காய் சிறுத்துவிட்டது, முந்திரியும் ஏமாற்றிவிட்டது என்று அவர் ஆரம்பித்தார். மச்சானைச் சீக்கிரம் முடிக்கச் சொல், முடித்தால் பெரிய பழமாக ஒன்று கொண்டு வருகிறேன், அவருக்குச் சுளையென்றால் உயிராச்சே என்றார். சொல்றேண்ணே என்றேன். கொழுந்தன் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தான். நான் அவனைக் கையமர்த்தினேன். ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் அந்த மனிதர் பேசினார், நான் ம் கொட்டிக்கொண்டே வந்தேன். அவர் வைத்த பிறகு போன் சூடாக இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பெட்டியின் மேல் தலையை வைத்து, மாமா, மாமா என்று தொண்டை கிழிய அழுதேன்.

கடலூர் பழைய டவுன், ஓ.டி. வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தாள். நான் ஆஸ்பத்திரியில் கத்தினது அவள் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். அந்த வார்த்தையைச் சொல்லாமல் தடுமாறினாள். அவுரு, தம்பி, எங்கம்மா, எவ்ளோ தூரத்துல என்று ஏதோ கேட்டாள். எனக்கு அவள் மேல் பாசமாக இருந்தது. அவர் எனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன்.

"யக்கா, பாடி வந்துகிட்டு இருக்கு. வாசல் தெளிச்சு வையுங்க."

சாவு வீட்டில் வாசல் தெளிக்கக் கூடாதும்மா, பெரியவங்கல்லாம் இருக்காங்க என்று மெதுவாகச் சொன்னாள். தெளிங்கக்கா என்றேன். சரி என்றாள்.

தெருமுனையில் திரும்பும்போது பாய் ஹாரன் அடிக்கவில்லை. நான் தொட்டியின் பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தேன். நாற்காலி போட்டிருந்தார்கள், சாமியானா கட்டியிருந்தார்கள். தெரு நிறைய ஆள். கிழவிகள் ரெண்டு பேர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து முணுமுணுத்தார்கள். எங்கள் வாசல் மட்டும் நன்றாக நனைந்து கிடந்தது. என் மகள் ஓடி வந்து முன் டயரைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா கதவோரமாக நின்றிருந்தாள். வண்டி நின்றதும் வாளியைக் கீழே போட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, தெருவே அதிரும்படி அழுதாள். அவளை அழுவலியா என்று கேட்க கேபினிலிருந்து யாரும் தலையை நீட்டவில்லை.